தேக்கடி இயற்கை நடை

தேக்கடி இயற்கை நடை என்பது கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்திலுள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள், வழிகாட்டியின் துணையோடு பயணிகள் நடந்து சென்று வரும் சுற்றுலா முறையாகும். காலையில் புறப்பட்டு ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் திரும்பும் சிறு நடை முதல், காட்டுக்குள்ளேயே கூடாரமிட்டு இரவு தங்கும் பயணம் வரை இதில் பல வகைகள் உள்ளன. இந்தியாவின் புலிகள் காப்பகங்கள் பலவற்றில் பயணிகள் வண்டியை விட்டுக் கீழே இறங்க அனுமதியில்லை. தேக்கடியில் நடக்க முடிகிறது என்றால் அதற்கு முதற்காரணம் அங்குள்ள வழிகாட்டிகள்தாம். அவர்களில் ஒரு பகுதியினர் முன்பு இதே காட்டில் களவாகப் பட்டை உரித்தும் வேட்டையாடியும் பிழைத்தவர்கள்.

அமைவிடமும் பெயரும்

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர் வழியாக லோயர் கேம்ப் வந்து, அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் எல்லை ஊரான குமுளி வரும். குமுளியிலிருந்து தேக்கடி ஏறத்தாழ 4 கி.மீ. தொலைவில் உள்ளது. காப்பகத்தின் பரப்பு 925 சதுர கி.மீ. ஆகும். இதன் உயரமான சிகரம் கோட்டமலை (2019 மீ.).

தமிழில் இக்காப்பகத்தின் பெயரைப் 'பெரியார்' என்று எழுதுவோரும் உண்டு. இது ஆற்றின் பெயராதலால் 'பெரியாறு' என்பதே பொருத்தமானது.

காடும் ஏரியும்

தேக்கடிக்கு வருவோர் முதலில் காண்பது ஏரியையும், அதன் நடுவே தலை நீட்டி நிற்கும் கரிய மரக்கட்டைகளையும்தான். இது இயற்கையான ஏரி அன்று. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் நிறைவடைந்தபோது பள்ளத்தாக்கில் நீர் தேங்கியது. அங்கிருந்த காடு நீருக்குள் போனது. நூறாண்டுக்கு மேலாகியும் அம்மரங்களின் அடிப்பகுதிகள் முழுதும் மக்காமல் நிற்கின்றன. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அவற்றின் மேல் அமர்ந்து சிறகுலர்த்துகின்றன, கூடும் கட்டுகின்றன.

மேற்கு நோக்கிப் பாயும் பெரியாற்றின் நீரில் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டு வைகையில் சேர்கிறது. திருவிதாங்கூர் அரசுக்கும் பிரித்தானிய அரசுக்கும் இடையே 1886-இல் 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் எழுதப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்கும் மதுரைச் சீமையின் குடிநீருக்கும் இந்த நீரே ஆதாரம். அணையைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசப்படும் அளவுக்கு, அணைக்கு நீர் தரும் காட்டைப் பற்றிப் பேசப்படுவதில்லை. பெய்யும் மழையைச் சருகும் வேரும் பிடித்து வைத்து, சிற்றோடைகளாக மெல்ல மெல்ல விடுவதால்தான் மழை ஓய்ந்த பின்னும் ஏரிக்கு நீர் வருகிறது. நடையின்போது பயணிகள் தாண்டிச் செல்லும் ஓடைகள் அவைதாம்.

ஏரியைச் சுற்றியுள்ள காடு 1899-இல் காப்புக்காடாக்கப்பட்டது. 1934-இல் நெல்லிக்காம்பட்டி வேட்டை விலங்குச் சரணாலயமாகவும், 1950-இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயமாகவும், 1978-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. உட்பகுதி 1982-இல் தேசியப் பூங்காவாயிற்று.

பட்டை உரித்தவர்கள்

சட்டம் காடு முழுவதையும் காத்துவிடவில்லை. தமிழ்நாட்டு எல்லை நெடுந்தொலைவு காப்பகத்தை ஒட்டியே செல்கிறது. மலையிறங்கினால் சந்தை. அங்கே வயணைப் பட்டைக்கு எப்போதும் விலை உண்டு. வயணை என்பது இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த காட்டு மரம். பட்டையை அடிமரத்தைச் சுற்றிலும் உரித்துவிட்டால், இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்க வழியில்லாமல் மரம் பட்டுப்போகும். பட்டை எடுக்கச் சென்றவர்கள் பல நாள் காட்டிலேயே தங்கினர். உணவுக்கு விலங்குகளைக் கொன்றனர். சமைக்கவும் பட்டை உலர்த்தவும் தீ மூட்டினர். சந்தன மரமும் இதே வழிகளில் கடத்தப்பட்டது.

தந்த வேட்டையின் விளைவு இன்னும் கொடியது. ஆசிய யானையில் ஆணுக்கே நீண்ட தந்தம் உண்டு. 1980-களின் இறுதியில் பெரியாற்றில் வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெண் யானைகள் என்ற நிலை இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

காவலர்கள் பிடிப்பதும் வழக்குப் போடுவதும், வெளியே வந்தவர் மறுபடி காட்டுக்குப் போவதுமாக ஆண்டுகள் கழிந்தன. 1996-இல் உலக வங்கியின் உதவியோடு இந்திய சூழல் மேம்பாட்டுத் திட்டம் பெரியாற்றில் தொடங்கியபோது வனத்துறை வேறொரு வழியை முயன்றது. பட்டை எடுத்து வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் தொழிலைக் கைவிட்டு 'முன்னாள் வயணைப் பட்டை சேகரிப்போர்' என்ற பெயரிலேயே ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவாயினர். தம் பழைய தொழிலைப் பெயர்ப்பலகையிலேயே போட்டுக்கொண்ட சங்கம் வேறெங்கும் இருக்குமா என்பது ஐயமே. 'புலித்தடம்' என்ற பல நாள் காட்டுப் பயணத்தில் பயணிகளை அழைத்துச் செல்லும் பொறுப்பு 1998 முதல் இவர்களிடம் வந்தது.

தமிழ்நாட்டுப் பக்கத்து முன்னாள் கடத்தல்காரர்கள் 'விடியல்' என்ற குழுவாயினர். கம்பம் பள்ளத்தாக்குச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் பயணிகளை அழைத்துச் செல்லும் திட்டம் இவர்களுடையது. சிறு இயற்கை நடையை நடத்துவோர் பெரும்பாலும் மன்னான், பளியர் பழங்குடியினர். இவர்கள் முன்பு காட்டுக்குள் வாழ்ந்து, பின்னர் குமுளி அருகே மன்னாக்குடி, பளியக்குடி ஆகிய குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டவர்கள். மன்னான் மக்களின் மரபுக்கதை தங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்கிறது.

பயணிகள் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி வழிகாட்டிகளின் கூலிக்கும், ஒரு பகுதி பொது நிதிக்கும் செல்கிறது. திட்டப் பணம் 2004-இல் நின்றபோது இக்குழுக்கள் கலைந்துவிடாமலிருக்க அதே ஆண்டில் பெரியாறு அறக்கட்டளை நிறுவப்பட்டது. வெளிநாட்டு உதவியில் தொடங்கும் திட்டங்கள் உதவி நின்றதும் மறைந்துவிடுவதே வழக்கம். தேக்கடியில் அவ்வாறு ஆகவில்லை.

நடையும் தடங்களும்

நடைக்கு உகந்த நேரம் விடியற்காலை. ஒரு வழிகாட்டியுடன் ஐந்தாறு பேருக்கு மேல் செல்வதில்லை. பல தடங்களில் ஏரியின் ஒரு கிளையை மூங்கில் தெப்பத்தில் கடந்ததும் காடு தொடங்கிவிடும். அதன்பின் ஒருவர் பின் ஒருவராக, வழிகாட்டியை முந்தாமல், பேசாமல் நடக்க வேண்டும். அவர் கை தூக்கினால் நின்றுவிட வேண்டும். ஏன் என்று கேட்பதெல்லாம் பிறகுதான்.

புதிதாக வருவோர் பெரும்பாலும் விலங்கைத் தேடுகிறார்கள். வழிகாட்டியோ தரையைப் பார்த்து நடக்கிறார். ஈரமண்ணில் பதிந்த காலடியில் நகத்தின் குறி தெரிந்தால் அது செந்நாய். தெரியாவிட்டால் புலி அல்லது சிறுத்தை. பூனைக் குடும்பத்து விலங்குகள் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதே இதற்குக் காரணம். யானையின் முன்னங்கால் தடத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால் அதன் தோள் உயரம் ஏறத்தாழ வந்துவிடும். பள்ளியில் கணிதம் கசந்த பிள்ளைகளும் இந்தக் கணக்கை மறப்பதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் மரத்தில் சேறு அப்பியிருந்தால் யானை முதுகு தேய்த்த இடம். கறையான் புற்று பெரிதாகக் குடையப்பட்டிருந்தால் கரடி வந்திருக்கிறது. எச்சத்தில் மயிர் கலந்திருந்தால் ஊனுண்ணி. அந்த மயிர் கடமானுடையதா காட்டுப்பன்றியுடையதா என்பதையும் பழகியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். யானைப் பிண்டம் வெதுவெதுப்பாக இருந்தால் வந்த வழியே திரும்புவதும் உண்டு.

அடுத்தது காது. மரவுச்சியில் கருமந்தி திடீரென மாற்றுக் குரல் எழுப்பினாலோ, கேளையாடு நாயைப் போல் விடாமல் குரைத்தாலோ கீழே எங்கோ புலியோ சிறுத்தையோ நகர்கிறது என்று கொள்ளலாம். இருவாச்சி பறக்கும்போது எழும் சிறகோசை, நீராவி வண்டி நெருங்குவதைப் போல் தொலைவிலிருந்தே கேட்கும்.

மூன்றாவது காற்று. யானைக்குக் கண் மங்கல், மோப்பம் கூர்மை. ஆகவே காற்று யானையின் பக்கமிருந்து மனிதரின் பக்கம் வீசும்படி வழி தேர்ந்து செல்கிறார்கள். நறுமணத் தைலம் பூசி வரவேண்டாம் என்று சொல்வதும் இதற்காகவே.

இந்த அறிவு எந்த வகுப்பிலும் கற்றதன்று. காவலர் கண்ணில் படாமல் ஒளிந்து நடக்கவும், விலங்கைத் தேடிப் பிடிக்கவும் பழகியபோது வந்தது. எந்த ஓடைக்கரையில் கடமான் வரும் என்பதை அன்று துப்பாக்கியோடு காத்திருந்தவர் அறிவார். இன்று அதே இடத்தில் பயணிகளை அமைதியாக உட்கார வைக்கிறார்.

புலியைக் காண முடியுமா?

பெரும்பாலும் முடியாது. இது அடர்ந்த காடு. புலி ஒதுங்கி வாழும் விலங்கு. மனிதர் அதைக் காணுமுன் அது மனிதரைக் கண்டு விலகிவிடும். புலி காணும் ஆசையோடு மட்டும் வருவோர் ஏமாந்து திரும்புகிறார்கள். காட்டுமாடு, கடமான், காட்டுப்பன்றி, மலையணில், கருமந்தி ஆகியவற்றைக் காணும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. ஏரிக்கரையில் நீர்நாய்கள் கூட்டமாக மீன் பிடிப்பதையும் காணலாம். யானைகளைக் கரையோரப் புல்வெளியில் பார்ப்பதற்குப் படகுப் பயணமே வசதி. ஆனால் பல பேர் ஒன்றாய் அமர்ந்து ஆரவாரிக்கும் படகிலிருந்து காட்டின் ஓசை எதுவும் கேட்காது.

அட்டைகள்

மழைக்காலத்திலும் அதையொட்டிய மாதங்களிலும் அட்டைகள் மிகுதி. காற்சட்டையின் மேல் முழங்கால்வரை இழுத்துக் கட்டும் துணி உறை புறப்படுமுன் வழங்கப்படுகிறது. அதன்மேல் உப்போ மூக்குப்பொடியோ தூவுகிறார்கள். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்கக் கூடாது. உப்பு வைத்தால் தானே விழும். அட்டையின் உமிழ்நீரில் குருதியை உறையவிடாத பொருள் இருப்பதால், விழுந்த பின்னும் சிறிது நேரம் குருதி கசியும். இதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. அட்டைக்குப் பயந்து கோடையில் வருவோரை உண்ணி கடிக்கிறது.

அடர்நிற ஆடை, குடிநீர், பிடிப்பான காலணி போதும். நெகிழிப் பைகளும் புகைப்பதும் காட்டுக்குள் கூடாது. இதய நோயாளிகளும் ஓட இயலாதவர்களும் நீண்ட தடங்களைத் தவிர்ப்பது நல்லது. யானை எதிர்ப்பட்டால் சில நேரம் ஓடத்தான் வேண்டும்.

பிற நடைகள்

காப்பகத்தின் எல்லையையொட்டிய முகடுகளில் செல்லும் எல்லை நடையும், நடையும் தெப்பமும் கலந்த மூங்கில் தெப்பப் பயணமும் ஒரு பகல் முழுதும் ஆகும். இரவுக் காவலர்களோடு மூன்று மணி நேரம் சுற்றிவரும் நடையும் உண்டு. நெடும் பயணங்களில் துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் உடன் வருவார்.

எல்லை மலையிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமி அன்று மட்டும், இரு மாநில மக்களும் செல்ல அனுமதிக்கப்படுகின்றனர்.

இக்காப்பகத்தில் மிகுதியானோர் நடக்கும் நடை சுற்றுலா அன்று. சபரிமலை இதன் மேற்குப் பகுதியில் உள்ளது. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகவும், வண்டிப்பெரியாற்றுப் பக்கத்திலிருந்து சத்திரம், புல்மேடு வழியாகவும் ஐயப்ப பக்தர்கள் இருமுடியோடு நடக்கிறார்கள். ஐந்தாறு பேர் பேசாமல் செல்லும் நடைக்கும், இலட்சக்கணக்கானோர் சரணம் விளித்துச் செல்லும் நடைக்கும் ஒரே காடு இடம் தருகிறது. கடைகளுக்காக மரம் வெட்டுவதையும் குப்பையையும் குறைக்க, இப்பாதைகளில் கடை நடத்துவோரும் சூழல் மேம்பாட்டுக் குழுக்களாக்கப்பட்டுள்ளனர்.

வசந்தசேனை

இந்த மாற்றத்தில் பெண்களின் பங்கும் உண்டு. குமுளிப் பக்கத்துச் சூழல் மேம்பாட்டுக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் 2002-இல் வசந்தசேனை என்ற அமைப்பைத் தொடங்கினர். வழிகாட்டிகளுக்குக் கூலி உண்டு; இவர்களுக்கு இல்லை. வீட்டு வேலைகளுக்கிடையே முறை வைத்துக்கொண்டு, சில பேராகச் சேர்ந்து, சந்தன மரங்கள் மிகுந்த பகுதியில் அன்றாடம் சுற்றி வருகின்றனர். புதிய வெட்டுத் தழும்போ அடையாளம் தெரியாத ஆளோ கண்ணில் பட்டால் வனத்துறைக்குத் தெரிவிக்கின்றனர்.