ஸ்நார்கெல்: எளியதா, உலர்வகையா?

நீர்ப்பரப்பில் முகம் கவிழ்ந்து மிதப்பவர் தலையைத் தூக்காமல் மூச்சுவிட உதவும் வளைந்த குழாய் ஸ்நார்கெல். கடலில்லாத விருதுநகர், சிவகாசிப் பகுதியினருக்கு அருகிலுள்ள பவளப்பாறைக் கடல் மன்னார் வளைகுடா. அதன் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே கடற்பாசி எடுக்கும் பெண்கள் ஸ்நார்கெல் இன்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கியே மூழ்குகிறார்கள்.

எளிய ஸ்நார்கெல் வாய்ப்பிடியும் திறந்த குழாயும் மட்டுமே கொண்டது. மூழ்கினால் நீர் புகும். மேலே வந்ததும் பலமாக ஊதி வெளியேற்ற வேண்டும். எடை குறைவு, பழுதாக உறுப்பில்லை. அடிக்கடி மூழ்குபவர்களுக்கு இதுவே ஏற்றது.

உலர்வகையின் உச்சியில் ஒரு மிதவை வால்வு உண்டு. குழாய் நீருக்குள் போனதும் அது மேலெழுந்து குழாயின் வாயை அடைக்கும். உள்ளே கசிந்த நீர் அடிப்பகுதி வால்வு வழியே வெளியேறும். புதியவர்களுக்கு இது அச்சத்தைக் குறைக்கும். ஆனால் குழாய் பருமனானது. மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று அதை மேலே தள்ளும். மணலோ உப்போ படிந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும். ஆகவே பயன்படுத்திய பின் நல்ல நீரில் கழுவ வேண்டும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட அரை உலர்வகையில் அலைத்துளியைத் தடுக்கும் மூடி இருக்கும்.

எந்த வகையானாலும் குழாய் நீளமாக இருக்கக் கூடாது. நீளம் கூடினால் வெளிவிட்ட மூச்சே திரும்ப உள்ளே வரும். ஆழத்தில் நீரழுத்தமும் நெஞ்சை இறுக்கும். மேற்பரப்பில் மிதந்து பார்க்க உலர்வகை. மூழ்கிப் பழக எளியது.