பழைய செருப்பையல்ல, பாதத்தை அளக்க வேண்டும்

டீ கிளாஸுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பொருளை வைக்கிறேன். கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளங்கை அகலம்தான். ஒரு காலத்தில் நல்ல கறுப்பு, இப்போது சாம்பல் பூத்த பழுப்பு. போல்ட் துளையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி ஓடுகிறது. நகத்தால் லேசாக நெம்பினால் விளிம்பு பிஸ்கட் போலப் பொடிகிறது. முப்பது வயதான ஒரு காரின் தெர்மோஸ்டாட் ஹவுசிங் இது. எஞ்சினுக்குள் சுற்றும் தண்ணீரை எப்போது ரேடியேட்டருக்குத் திறந்துவிடுவது என்று முடிவு செய்யும் வால்வு உட்கார்ந்திருக்கும் கூடு. எஞ்சின் இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கூடு இல்லாமல் அந்தக் கார் பக்கத்து ஊருக்குக்கூடப் போகாது. கடையில் கேட்டால் “இப்ப வர்றதில்லைங்க” என்கிறார்கள்.

“அதற்கென்ன, இதே மாதிரி அலுமினியத்தில் ஒன்று செய்து மாட்டிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லையே” என்று உங்களுக்குத் தோன்றும். எல்லோருக்கும் முதலில் அதுதான் தோன்றும். பழைய கார்களைக் காப்பாற்றுகிறவர்கள் பல நாடுகளில் உலோகத்தைத்தான் நாடுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சில் ‘இதே மாதிரி’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றனவே, சிக்கல் அங்கேதான். ஒவ்வொரு படியாகப் போவோம்.

துண்டைத் திருப்பினால் உட்புறத்தில் பொடி எழுத்தில் ‘பிஏ66-ஜிஎஃப்30’ என்று ஒரு முத்திரை இருக்கிறது. பிஏ66 என்பது நைலான் 66. அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் 1935-இல் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கியது. ஆறு கரி அணுக்கள் உள்ள ஒரு பொருளையும், ஆறு கரி அணுக்கள் உள்ள இன்னொரு பொருளையும் மாற்றி மாற்றிக் கோத்த நீண்ட சங்கிலி அது. 66 என்ற எண் அப்படி வந்தது. ஜிஎஃப்30 என்றால் எடையில் 30 சதவீதம் கண்ணாடி இழை. மண் சுவருக்கு வைக்கோல் சேர்த்துக் குழைப்பார்களே, அந்த வைக்கோலின் வேலையைத்தான் இங்கே இழை செய்கிறது.

இது எப்படிச் செத்தது? சூட்டில் உருகியிருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நைலான் 66 உருக ஏறக்குறைய 260 டிகிரி செல்சியஸ் வேண்டும். எஞ்சின் தண்ணீரோ பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிக்குள் இருக்கும். நைலான் சங்கிலியைக் கோக்கும்போது ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறுகிறது. பல ஆண்டுகள் சுடுதண்ணீரில் ஊறினால் அதே தண்ணீர் திரும்பப் புகுந்து முடிச்சை அவிழ்க்கிறது. வெளிப்பக்கத்தில் சூடும் காற்றும் சேர்ந்து இன்னும் சில இடங்களை அறுக்கின்றன. நார் பத்து இடத்தில் அறுந்த பூச்சரம்போல வைத்துக்கொள்ளுங்கள். தொடாதவரை சரமாகத்தான் கிடக்கும். தூக்கினால் உதிரும்.

சரி, புதிதாக நைலானிலேயே வார்த்துக்கொள்ளலாமே? அதற்கு மோல்டு வேண்டும். இட்லித் தட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு ஒருமுறை செய்துவிட்டால் இட்லி எத்தனை வேண்டுமானாலும் ஊற்றலாம், செலவு மாவுக்கு மட்டும்தான். ஆனால் இந்தத் தட்டு கடினமான எஃகில் மிக நுட்பமாகக் குடைந்தது, விலை லட்சக்கணக்கில். ஆயிரக்கணக்கில் வார்த்தால்தான் கட்டுப்படியாகும். கார் மாடல் நின்று, உதிரிபாகம் கேட்பவரும் குறைந்தபின் பழைய மோல்டுகள் பழைய இரும்புக்குப் போய்விடுகின்றன. ஒரே ஓர் இட்லிக்காக யாரும் புதிதாகத் தட்டு செய்ய மாட்டார்கள்.

உலோகம் இங்கேதான் உள்ளே வருகிறது. அது வலுவானது என்பது இரண்டாவது காரணம்தான். மோல்டே இல்லாமல் ஒன்றே ஒன்று செய்துகொள்ளலாம் என்பதுதான் முதல் காரணம். ஓர் அலுமினியக் கட்டையை எடுத்து, வேண்டாததை மில்லிங் மெஷினில் சீவித் தள்ளிவிட்டால் போதும்.

இப்போது எல்லோரும் தவறிவிடும் அந்த இடத்துக்கு வந்துவிட்டோம். ‘பிளாஸ்டிக் என்றால் கம்பெனிக்காரன் செய்த கஞ்சத்தனம், உலோகம் என்றால் எப்போதும் மேல்’ என்று நம்புகிறோம். உங்கள் வீட்டுக் குக்கரின் கைப்பிடியைப் பாருங்கள். அது பேக்கலைட். அதை அலுமினியத்தில் செய்தால் உடையவே உடையாது, ஆனால் பிடிக்க முடியாது. பழைய கார்கள் பலவற்றில் கார்புரேட்டருக்கு அடியில் இதேபோல ஒரு பேக்கலைட் கட்டை இருக்கும். எஞ்சின் சூடு மேலே ஏறி பெட்ரோலைக் கொதிக்கவிடாமல் தடுப்பது அதன் வேலை. அலுமினியம் அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அந்தக் கட்டையை ‘நல்லதாக’ அலுமினியத்தில் செய்து வைத்தால், சூடான எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது வண்டி அடம்பிடிக்கும்.

பிளாஸ்டிக்குக்கு வேறு வேலைகளும் உண்டு. 1960களின் நடுவிலிருந்து அமெரிக்க வி8 எஞ்சின்கள் பலவற்றில் கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் பல்சக்கரத்துக்கு நைலான் பல் வைத்தார்கள். இரும்புச் சங்கிலி அதில் சத்தமில்லாமல் ஓடும். ஆண்டுகள் போகப்போகப் பற்கள் உடைந்து எண்ணெய்த் தொட்டியில் விழுந்தன. ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையை அந்தத் துண்டுகள் அடைத்தன. இன்று அந்த எஞ்சின்களுக்கு முழு உலோகப் பல்சக்கரம் போடுகிறார்கள். சத்தம் கொஞ்சம் கூடும். அதைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, நம் ஊரில் கிணற்று மோட்டார் வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த இம்பெல்லர், தண்ணீரைத் தள்ளும் சக்கரம். 1990களின் பி.எம்.டபிள்யூ. ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் சிலவற்றில் வாட்டர் பம்ப்பின் இம்பெல்லர் பிளாஸ்டிக். அது வெடித்துவிட்டால் தண்டு சுற்றும், இம்பெல்லர் சுற்றாது, எஞ்சின் கொதிக்கும். அதனால் பலர் உலோக இம்பெல்லர் போட்டார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் பேரிங் தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கினால் பிளாஸ்டிக் தானே தேய்ந்து போகும். உலோகமோ எதிரே இருக்கும் அலுமினியச் சுவரைச் சுரண்டும். எனவே உலோக இம்பெல்லர் போட்டவர் பேரிங் சத்தத்தை அசட்டை செய்யக் கூடாது.

ஆகவே தெரிந்து செய்கிறவர் முதலில் ‘இது என்ன வடிவம்’ என்று கேட்பதில்லை, ‘இது என்ன வேலை செய்துகொண்டிருந்தது’ என்றுதான் கேட்கிறார். நம் ஹவுசிங்கின் வேலை தண்ணீரைக் கசியாமல் பிடித்து வைப்பது. அதற்கு அலுமினியம் பொருத்தமானது. ஆனால் பழைய துண்டை மட்டும் வெர்னியரால் அளந்து அப்படியே செய்தால் ஏமாந்துபோவோம். முப்பது வருடச் சூட்டில் அது கோணியிருக்கும், போல்ட்டுக்கு அடியில் நசுங்கியிருக்கும். செருப்புத் தைப்பவர் தேய்ந்த செருப்பையா அளக்கிறார்? பாதத்தைத்தானே அளக்கிறார்! இங்கே பாதம் என்பது ஹவுசிங் போய் உட்காரும் எஞ்சின் முகம். போல்ட் துளைகளின் இடைவெளி, கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் விட்டம் எல்லாவற்றையும் அங்கேதான் அளக்க வேண்டும்.

அடுத்தது விரிவு. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள பொருள் 30 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்குச் சூடானால் அலுமினியம் ஏறக்குறைய 0.18 மில்லிமீட்டர் நீளும். வார்ப்பிரும்பு அதில் பாதிதான் நீளும். இழை கலக்காத நைலான் 0.6 மில்லிமீட்டர்வரை போகும். நைலானுக்கு விட்டுவைத்த இடைவெளியை அலுமினியத்துக்கும் அப்படியே விட்டால் ஓரிடத்தில் கசியும், ஓரிடத்தில் இறுகும். கவ்விப் பிடிக்கும் நாக்குகளும் இப்படித்தான். நைலான் நாக்கு வளைந்து திரும்பும். அதே நாக்கை அலுமினியத்தில் செய்தால் வளைந்தது வளைந்தபடியே நிற்கும். அந்த இடத்தில் ஒரு போல்ட்டோ ஸ்பிரிங் வளையமோ வைத்து மாற்றி வடிவமைக்க வேண்டும்.

செய்வதற்கு மூன்று வழிகள். கட்டையில் குடைவதைப் பார்த்தோம், எளிய வடிவத்துக்கு அது போதும். உள்ளே வளைந்து செல்லும் குழாய் இருந்தால் வார்ப்புதான் வழி. சுவாமிமலையில் சிலைக்கு மெழுகில் மாதிரி செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுகிறார்களே, அதே முறை. இப்போது மெழுகு மாதிரிக்குப் பதிலாக முப்பரிமாண அச்சு இயந்திரம் மாதிரியைச் செய்து தருகிறது. குளிரும்போது அலுமினியம் சுருங்கும் என்பதால் மாதிரியை 1 சதவீதத்துக்குச் சற்று மேலாகப் பெரிதாக்கி வைப்பார்கள். மூன்றாவது வழி, உலோகப் பொடியை லேசர் ஒளியால் அடுக்கடுக்காக உருக்கி ஒட்டுவது. மொத்தம் 292 மட்டுமே தயாரான போர்ஷே 959 காரின் கிளட்ச் லீவரை, போர்ஷே நிறுவனம் இந்த முறையில் செய்வதாக 2018-இல் அறிவித்தது. அது முதலிலும் உலோகப் பாகம்தான், ஆனால் சிக்கல் அதே இட்லித் தட்டுச் சிக்கல்.

செய்து முடித்ததும் மாட்டிவிடக் கூடாது. வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கலாம். வாய்களை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீரில் அமுக்கிப் பார்க்க வேண்டும், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல. குமிழி வந்தால் அது ஆகாது. மாட்டிய பிறகும் ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீர் நைலானை அரிக்காது, அலுமினியத்தை அரிக்கும். அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த கூலண்ட்தான் ஊற்ற வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய வண்டியில் இப்படி ஒன்று உடைந்தால் குப்பையில் போடாதீர்கள். துண்டுகளை எல்லாம் பொறுக்கி மேசையில் வைத்துச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அது எஞ்சினுக்குள் எங்கேயாவது இருக்கலாம், முதலில் அதைத் தேடி எடுங்கள். பிறகு துண்டுகளையும் போல்ட்டுகளையும் பழைய ஓ-ரிங்கையும் ஒரே பையில் போட்டு, செய்பவரிடம் வண்டியோடு கொண்டுபோங்கள். விரிசல் எங்கே தொடங்கியது என்று பார்த்தால் எந்த இடத்துக்குப் பலம் கூட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.