சான்றிதழ் போனில் இருக்கிறது, பிரிண்டுக்கு எங்கே போவது?

சாதிச் சான்றிதழ் போனுக்கே பி.டி.எஃப். ஆக வந்துவிடுகிறது. பள்ளியில் தாளாகத்தானே கேட்கிறார்கள்! கல்வராயன் மலையிலிருந்து அந்த ஒரு தாளுக்காகக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் பிடித்தால் ஒரு நாள் கூலி போச்சு.

வீட்டில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் இருக்கிறதா? 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் உருவாக்கிய திறந்த மூல இயங்குதளம் அது. ஆன் செய்யும்போது அதைத் தேர்ந்தெடுங்கள்.

பிரிண்டரை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அமைப்புகளில் ‘பிரிண்டர்ஸ்’ திறந்து ‘ஆட்’ கொடுங்கள். பெரும்பாலும் பெயர் தானாகவே வரும். வரலையா? பிரௌசர் முகவரிப் பெட்டியில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளியும் 631-ம் சேருங்கள். திறப்பது கப்ஸ் என்ற அச்சு மென்பொருளின் பக்கம். உங்கள் கணினிக்குள்ளேயே இருப்பது, நெட் வேண்டாம். அங்கே ‘ஆட் பிரிண்டர்’ அழுத்தி, கணினியின் பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்தால் போதும். சில பழைய லேசர் பிரிண்டர்களுக்குத் தனி டிரைவர் தேவை. செகண்ட்ஹேண்டில் வாங்கும் முன் லினக்ஸ் டிரைவர் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

முக்கியமாகத் தாள் அளவு. ‘லெட்டர்’ என்று இருந்தால் ‘ஏ4’ ஆக்குங்கள். லெட்டர் தாள் 279 மில்லிமீட்டர், ஏ4 297. மாற்றாவிட்டால் சான்றிதழின் அடிப்பகுதி வெட்டுப்படலாம். கியூஆர் குறியீடு அங்கே இருந்தால் அதுவும் போய்விடும்.

போனிலுள்ள பி.டி.எஃப்.-ஐ சார்ஜர் கேபிள் வழியாகவே லேப்டாப்புக்கு மாற்றலாம். சிக்னல் இல்லாத ஊரிலும் வேலை நடக்கும்.