உள்ளங்கால் கரும்புள்ளியும் தொடையிடுக்கு நெறியும்

பாம்பன், மண்டபம் கரைகளில் மீன்பிடிப்போரும் பாசி எடுக்கும் பெண்களும் வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளர்களும் கடும் வெயிலில் உழைத்தாலும், வெயிலால் வரும் தோல் புற்றுநோய் வெள்ளைத் தோலினரை வருத்தும் அளவுக்கு இவர்களை வருத்துவதில்லை. தோலுக்குக் கருமை தரும் மெலனின் என்னும் நிறமி புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. ஆனால் அந்த நிறமியை உண்டாக்கும் உயிரணுக்களில் தோன்றும் மெலனோமா என்னும் கொடிய புற்று, இந்தியர்களிடம் அரிதெனினும், தோலில் வரும்போது வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலுமே மிகுதியாகக் காணப்படுகிறது. 1981இல் மறைந்த இசைக்கலைஞர் பாப் மார்லிக்கும் அது கால்விரல் நகத்தடியில்தான் தோன்றியது.

பாதத்துத் திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் பெரும்பாலும் தொடையிடுக்கிலுள்ள முடிச்சுகளையே சென்றடைவதால், புற்றணுக்களும் அவ்வழியே அங்குத் தங்கிப் பெருகக்கூடும். அம்முடிச்சு வீங்குவதைத்தான் மக்கள் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்கிறார்கள். சிப்பி கிழித்த புண் சீழ்பிடித்தாலும் நெறி கட்டும் என்பதால் வீக்கமெல்லாம் புற்றல்ல. வீக்கம் இல்லாததால் புற்று பரவவில்லை என்றும் கொள்ள முடியாது.

எனவே மருத்துவர்கள் முதலில் அளப்பது, புற்று தோலுக்குள் இறங்கியிருக்கும் ஆழத்தை. அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்னும் அமெரிக்க மருத்துவர் 1970இல் முன்வைத்த இவ்வளவையின்படி, ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறைவாகவும் மேற்பரப்பு புண்ணாகாமலும் இருந்தால் முடிச்சில் புற்று இருக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு; 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரை அது 5 முதல் 10 விழுக்காடு. அதற்கு மேல் ஆழத்தோடு ஆபத்தும் ஏறுகிறது.

ஆபத்து மிகுந்தவர்களுக்கு, டொனால்ட் மார்ட்டன் குழுவினர் 1992இல் விளக்கிய காவல் முடிச்சுச் சோதனை செய்யப்படுகிறது. புற்றிருந்த இடத்தைச் சுற்றி நீலச் சாயத்தையும் சிறிதளவு கதிரியக்கப் பொருளையும் செலுத்தி, அவை முதலில் சென்று சேரும் முடிச்சை மட்டும் எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்கிறார்கள். அதில் புற்று இருந்தால் முன்பு எல்லா முடிச்சுகளும் அகற்றப்பட்டன. அப்படி அகற்றுவதால் ஆயுள் நீள்வதில்லை என்று 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியபின், பலருக்கு அல்ட்ராசவுண்ட் கண்காணிப்பே போதுமாகிறது. முடிச்சுகளை இழந்த கால் நிணநீர் தேங்கி நிரந்தரமாக வீங்கக்கூடும் என்பதால், நின்று உழைப்போருக்கு இம்மாற்றம் பெரும் ஆறுதல்.

முடிச்சில் புற்று இருக்குமா என்னும் கணிப்பு பெரிதும் ஆழத்தையே நம்பியிருப்பதால், உள்ளங்காலில் புதிதாகத் தோன்றி வளரும், நிறம் மாறும் அல்லது ஆறாத புள்ளியைக் கால் ஆணி என்றெண்ணிப் பிளேடால் சீவுவதும் அமிலத்தால் சுடுவதும் அளக்க வேண்டியதையே அழித்துவிடுகின்றன. 2022 முதல் மருத்துவக் கல்லூரியோடு இயங்கும் இராமநாதபுரம் அரசு மருத்துவமனை போன்ற இடத்தில் அதை முதலிலேயே காட்டுவதும், திசுச் சோதனை செய்யப்பட்டால் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டறிவதும் நோயாளியின் கையில் இருக்கின்றன.