பின்னறைக்கு எட்டாத அலைகள்

கோடம்பாக்கத்தில் ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அறைகளில் மூன்று கணிப்பொறிகள். கூடத்து மூலையில், இரும்பு பீரோவுக்குப் பின்னே, வைஃபை ரௌட்டர். பின்னறையில் இணையவழித் தேர்வு எழுதும் தங்கைக்கு மட்டும் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. ஏன்?

ரௌட்டர் அனுப்புவது ரேடியோ அலைகளே. ஒளியின் வேகத்தை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள்: அலைநீளம் சுமார் 12.5 செ.மீ., ஏறக்குறைய அரைச் சாண். செங்கல் சுவர் இவ்வலையில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மீதியை விட்டுவிடும். இரும்புத் தகடோ வந்த வழியே திருப்பிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை செய்தியை விரைவாகச் சுமக்கும். ஆனால் சுவரில் இன்னும் அதிகமாகத் தளரும்.

சுவரைத் தாண்டும் இவ்வித்தை புதிதன்று. 1895-லேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், இவற்றினும் குறுகிய அலைகளைச் சுவர்களுக்கு அப்பால் செலுத்தி மணி ஒலிக்கச் செய்தார்!

ஆகவே ரௌட்டரை வீட்டின் நடுவே, உயரமான மரப்பலகையில் வையுங்கள். மூன்று கணிப்பொறிகளும் ஒரே அலைவரிசையில் முறைவைத்துத்தான் பேசவேண்டும்; எனவே தேர்வு நேரத்தில் அண்ணன் திரைப்படம் இறக்காதிருப்பது நலம். அப்படியும் எட்டவில்லையா? தங்கையின் கணிப்பொறிக்கு மட்டும் ஒரு கம்பி இழுத்துவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.