நீண்ட கூந்தலும் நிலைத்த கட்டும்

கொல்கத்தாவில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களில் சில மாதங்களுக்குள்ளாகவே ஒரு குறை எழுவதுண்டு. "இவ்வூர்த் தண்ணீர் தலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குழந்தையின் முடியெல்லாம் போயிற்று" என்று தாய்மார் வருந்துவர். லேக் மார்க்கெட்டை அடுத்து, நாம் அறிந்த ஓர் இல்லத்திலும் இப்பேச்சு எழுந்தது. இடுப்புக்குக் கீழ் தொங்கும் பின்னலையுடைய பள்ளிச் சிறுமி அவள். அக்கூந்தலைத் தோளளவுக்குக் கத்தரித்துவிடுவதென்றே தீர்மானமாகிவிட்டது. பாட்டி மட்டும் இசையவில்லை. சீப்பில் வந்த முடிகளை ஒரு வெள்ளைத் துணியின்மீது பரப்பிப் பார்த்தார். அவற்றுட் பெரும்பாலானவை வேரோடு உதிர்ந்தவையல்ல. சாண் நீளமுள்ள முறிந்த துண்டுகளே.

இவ்வேறுபாட்டை ஒவ்வொரு வீட்டிலும் சோதித்தறியலாம். நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயற்கை. அவ்வாறு தானே உதிரும் முடியின் ஒரு முனையில் சிறு வெண்குமிழ் இருக்கும். குமிழில்லாத குட்டைத் துண்டுகள் மிகுந்திருப்பின், முடி இடையில் அறுந்திருக்கிறது என்பது பொருள். ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீர் முடியைச் சொரசொரப்பாக்குவதுண்டு; எனினும் அது ஒரே இடத்தில் அறுக்காது. நாம் கட்டுப் போடும் இடத்திலேயே முடி அறுமாயின், ஐயுற வேண்டியது தண்ணீரையன்று, கட்டையே.

நீண்ட கூந்தலுக்கு ஏன் இத்தனை கவனம் வேண்டும்? தலைமுடி மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக வளர்கிறது. 90 சென்டிமீட்டர் நீளமுள்ள பின்னலின் நுனி ஆறேழு ஆண்டு அகவையுடையது. கொல்கத்தாவுக்கு வந்து நான்கே ஆண்டுகளான சிறுமியின் பின்னல் நுனி, காவிரிக் கரையில் முளைத்த முடியேயாகும். அத்தனை ஆண்டுகள் வெயிலையும் சீப்பையும் தாங்கி மேற்பூச்சுத் தேய்ந்த அப்பகுதியிலேதான் நாம் நாள்தோறும் கட்டை இறுக்குகிறோம்.

இங்குள்ள ஈரக் காற்றும் இதனுடன் சேர்கிறது. முடி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை உறிஞ்சவல்லது. நனைந்த முடி பருக்கிறது, எளிதில் நீள்கிறது, வலிமை குறைகிறது. ஆனி முதல் புரட்டாசி வரை நீளும் மழை நாட்களில் நீண்ட கூந்தல் எளிதில் உலர்வதில்லை. பள்ளிக்கு நேரமாகிறதென்று ஈரத்தோடு இறுகப் பின்னிக் கட்டினால் முடி அறுவதில் வியப்பில்லை. தலை முழுகியபின் கூந்தலை விரித்து, நுனியில் மட்டும் தளர்வாக ஒரு முடிச்சிட்டு உலரவிடும் நம் பாட்டிமாரின் வழக்கம் இவ்வூருக்கு மிகவும் ஏற்றது.

இனி, கட்டும் பொருளை நோக்குவோம். ரப்பர் வளையத்திற்கு இங்கிலாந்தில் ஸ்டீபன் பெர்ரி என்பார் 1845ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். காகிதங்களைக் கட்ட அது சிறந்த சாதனம், கூந்தலுக்கு அன்று. புதிய ரப்பர் முடியைப் பற்றிக்கொள்ளும். கழற்றும்போது முடியையும் இழுத்து வரும். பழையதோ, எண்ணெய் பட்டு ஊறி நெகிழும். காற்றும் வெயிலும் பட்டு வெடிக்கும். நெகிழ்ந்த வளையத்தை நாம் இரண்டு சுற்றுக்குப் பதில் நான்கு சுற்றாகச் சுற்றுகிறோம். ஆகவே, உழைக்காத கட்டு கூந்தலையும் உழைக்கவிடுவதில்லை. மேற்கூறிய சிறுமியின் பின்னல் நுனியில் இருந்ததும் அத்தகைய வளையமே.

நூல் நாடாவின் இயல்பு வேறு. பருத்தி நூல் நனைந்தால் வலுக் குறைவதில்லை. சற்றுக் கூடவே செய்கிறது. எண்ணெய் ஏறினால் சோப்பிட்டுத் துவைத்து மீண்டும் கட்டலாம். பட்டு நாடா மிருதுவானது. ஆனால் நனைந்தால் வலுக் குறையும், வழுக்கும். நைலான், பாலியெஸ்டர் ரிப்பன்கள் நெடுநாள் உழைக்கும். அவையும் வழுக்கும் இயல்பினவே. எதை வாங்கினும் அகலம் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாதிருத்தல் நன்று. அகலம் கூடக் கூட ஓரிடத்து அழுத்தம் குறையும். ஓரம் நெய்த கரையாக இருக்கிறதா, வெட்டிச் சூட்டினால் ஒட்டியதா என்பதையும் பார்க்க வேண்டும். புறங்கையின்மீது இழுத்துப் பார்த்தால் கீறும் ஓரம் தெரிந்துவிடும். மீள்வளையமே வேண்டுமென்போர், துணி சுருக்கித் தைத்ததாய், உலோக இணைப்பு இல்லாததாய்த் தேர்க. இருமடங்கு நீளத்திற்கு இழுத்துவிட்டால் அது பழைய அளவுக்கு மீள வேண்டும்.

வழுக்கும் ரிப்பனையும் நிலைக்கச் செய்ய ஒரு வழி உண்டு. நுனியில் மட்டும் கட்டாமல், பாதிப் பின்னலிலிருந்தே அதனைச் சேர்த்துப் பின்னிவர வேண்டும். அப்பொழுது பின்னல் முழுவதும் ரிப்பனைத் தாங்குகிறது. நுனியை இறுக்க வேண்டிய தேவையில்லை. நம் குஞ்சலம் நிற்பதும் இம்முறையாலேயே. அன்றாடத்திற்கு நூற் குஞ்சலம் போதும். கனத்த சரிகைக் குஞ்சலம் திருமணத்திற்கு இருக்கட்டும்.

கூந்தலைப் பேணுவதில் வங்காளியர் நமக்குச் சளைத்தவரல்லர். கொல்கத்தாவின் எச். போஸ் தமது குந்தலீன் என்னும் கூந்தல் தைலத்தின் பெயரால் சிறுகதைப் பரிசொன்றை ஏற்படுத்தினார். 1896ஆம் ஆண்டில் அதன் முதற் பரிசைப் பெற்றவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். ரிப்பனை அவர்கள் 'பிதே' என்பர். அச்சொல் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. கரியாஹாட் நடைபாதைக் கடைகளில் 'பிதே' என்று கேட்டால் பலவகையும் எடுத்துப் போடுவர். கொண்டைக்கு அவர்கள் செருகும் கவட்டு ஊசி பாரத்தைப் பலவிடங்களில் பகிர்வதால் இறுக்கமின்றியே கொண்டை நிற்கும். ஆனால் மேற்பூச்சு உரிந்த இரும்பூசி இவ்வூர் ஈரத்தில் துருவேறி முடியைக் கீறும்; அத்தகையதை உடனே களைய வேண்டும்.

இறுக்கத்தால் வரும் தீங்கு நுனியோடு முடிவதில்லை. கூந்தலை இழுத்து இறுக முடிந்த கிரீன்லாந்துப் பெண்களுக்கு முன்நெற்றி முடி அற்றுப்போனதை 1907ஆம் ஆண்டிலேயே அறிஞர் எழுதிவைத்தனர். தொடக்கத்தில் கட்டைத் தளர்த்தினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் இழுபட்ட வேர் மீள்வதரிது. கட்டியவுடன் நெற்றியோரம் வலிக்கிறதென்று குழந்தை சொன்னால் அதனைச் சிணுங்கலென்று தள்ளாமல், அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவதே முறை.

அச்சிறுமியின் இல்லத்தில் கத்தரி மீண்டும் பெட்டிக்குள் சென்றது. சிதைந்த நுனியில் நான்கு விரற்கிடை மட்டும் நறுக்கி, அகன்ற நூல் நாடாவைப் பாதியிலிருந்து சேர்த்துப் பின்னத் தொடங்கினர். சில வாரங்களுக்குப் பின் பாட்டி மறுபடியும் வெள்ளைத் துணியை விரித்தார். அதன்மீது கிடந்தவை பெரும்பாலும் வெண்குமிழுடன் கூடிய முழு நீள முடிகளே. நேயர்களும் தம் இல்லங்களில், தண்ணீரைப் பழிக்குமுன் ஒருமுறை துணியை விரித்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.