டர்பனில் ஆடிக் கூழ்

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கக் கேழ்வரகோ கம்போ வேண்டும் என்றுதானே நினைக்கிறோம்? தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துத் தமிழ்ப் பெண்கள் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே கூழ் காய்ச்சுவது மக்காச்சோள மாவில். ஆடி பிறக்கும்போது அங்கே குளிர்காலம் வேறு! வேண்டுதலுக்குப் பெயர்கூட 'போரிட்ஜ் பிரேயர்' ஆகிவிட்டது. ஆனாலும் அம்மன் அதே அம்மன்தான்.

இந்தச் சோளமாவு எப்படி வந்தது? 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷம் உழைக்க ஒப்பந்தம். 1911 வரை இப்படிப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். ஆண்களுக்கு மாதம் பத்து ஷில்லிங்கில் சம்பளம் ஆரம்பம். பெண்களுக்கு அதில் பாதி. வேலையில் பாதி குறைந்ததா என்று கேட்காதீர்கள்! தோட்டத்திலிருந்து திரும்பி அடுப்பு மூட்ட வேண்டியவளும் அவளேதான். கையில் எந்தத் தானியம் கிடைத்ததோ, அதை நம் ஊர்ப் பக்குவத்துக்குக் கொண்டுவந்தாள்.

சாப்பாட்டில் விட்டுக்கொடுத்தவர்கள் எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கவில்லை. 1913 மார்ச்சில் ஸெர்ல் என்ற நீதிபதி ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து, பதிவான விவாகம்தான் அந்த நாட்டில் செல்லும் என்பது அதன் சாரம். தாலி கட்டிக்கொண்டு, நாலு குழந்தை பெற்று, பேரன் பேத்தியும் எடுத்தவளைப் பார்த்து, 'நீ மனைவி அல்ல' என்றால் எப்படி இருக்கும்? அதோடு, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் தலைக்கு வருஷம் மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்ற கொடுமை வேறு.

அந்த வருஷம் டிரான்ஸ்வாலிலிருந்து பதினோரு பெண்கள் சத்தியாக்கிரகத்துக்குப் புறப்பட்டார்கள். ஒருவர் தவிர மற்ற எல்லோரும் தமிழ்ப் பெண்கள். கைக்குழந்தையோடு போனவர்களும் உண்டு. நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் வரியைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள். சுரங்கங்களில் வேலை நின்றது. பெண்களுக்கு மூன்று மாதம் சிறை.

பின்னால் சிறை சென்றவர்களில் ஒருத்திதான் வள்ளியம்மை. தில்லையாடி வள்ளியம்மை என்று நாம் சொல்கிறோம், பிறந்ததோ ஜோஹானஸ்பர்க்கில். மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து கடுங்காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் கண்ணை மூடினாள். வயது பதினாறு. அதே ஆண்டில் வரியும் போயிற்று. நம் விவாகங்களுக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது.

ஆனால், பாஷை தங்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் உத்தியோகத்திலும் ஆங்கிலமே வேண்டியிருந்ததால், இன்று பெரும்பாலான வீடுகளில் பேச்சே ஆங்கிலந்தான். முதலியார் 'மூட்லி' ஆனார். கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். இதில் நமக்குக் குறை தோன்றலாம். தமிழ்நாட்டிலேயே பிறந்து, குழந்தையிடம் 'ஆப்பிள் ஸாப்பிடு டார்லிங்' என்று கொஞ்சுகிற நாம் அதைச் சொல்லலாமா என்பதுதான் என் சந்தேகம்.

புரட்டாசி அங்கே 'புர்டாசி'. அந்த மாதம் பிறந்தால் வீட்டில் கறியும் மீனும் கிடையாது. பாத்திரங்களையெல்லாம் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டுத்தான் விரதம் தொடங்குகிறார்கள். தமிழில் கையெழுத்துப் போடத் தெரியாத பேத்தி டெலிபோனை எடுத்து, இந்த வருஷம் புர்டாசி எந்தத் தேதியில் பிறக்கிறது என்று பாட்டியை ஆங்கிலத்தில் விசாரிக்கிறாள்.